வீதெப்ஸ்க் மேடைக்கு வன்னிக் குரல்: ஸ்லாவ் பாட்டுப் போட்டிக்கு ஆயத்தமாகும் முறை

பெலாரஸின் வடகிழக்கில், மேற்குத் துவீனா ஆற்றங்கரையில் வீதெப்ஸ்க் நகரம் இருக்கிறது. ‘ஸ்லவியான்ஸ்கி பஸார்’ என்ற சர்வதேசக் கலைவிழா ஒவ்வொரு யூலையிலும் அங்கேதான் நடக்கும். 1992இல் தொடங்கிய விழா அது. அதில் கூடுதலாகப் பேசப்படுவது இளம் பாடகர்களுக்கான போட்டி. உக்ரேனின் ருஸ்லானா 1996இல் அங்கே வென்றார், 2004இல் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியான யூரோவிஷனிலும் வென்றார். 2015இல் போட்டியின் உயர் பரிசான கிராண்ட் பிறீ வாங்கிய திமாஷ் குதைபெர்கென் கசகஸ்தான்காரர், ஸ்லாவ் இனத்தவர் அல்லர். ஆகவே இந்த மேடை ஸ்லாவ் நாட்டவருக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் ஸ்லாவ் மொழியில் ஒரு பாட்டையாவது பிழையில்லாமல் பாடத் தெரிய வேண்டும்.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ பாட்டுப் பழகிய ஒருவருக்கு அந்தப் பாட்டுக்கு வேண்டிய பல ஒலிகளும் தாளங்களும் ஏற்கெனவே கைவசம் இருக்கின்றன. எதை அப்படியே எடுப்பது, எதைச் சில மாதத்துக்கு ஒதுக்கி வைப்பது என்று பிரித்துக்கொண்டால் வேலை பாதியாகும்.

போட்டியின் அமைப்பு

போட்டி நாட்கள் இரண்டு. ஒரு நாள் ஸ்லாவ் மொழிப் பாட்டு, மறுநாள் உலகப் புகழ்பெற்ற பாட்டு ஒன்று. இரண்டு நாட் புள்ளிகளும் சேர்த்துக் கணிக்கப்படும். இறுதிக்கு வந்தவர்கள் மேடையில் நேரடி இசைக்குழுவோடு பாடுவார்கள். சிறுவர்களுக்கு 2003 முதல் தனிப் போட்டி உண்டு. வயது எல்லை, பாட்டின் நிமிட எல்லை, விண்ணப்பக் கடைசித் திகதி ஆகியவை அந்தந்த ஆண்டின் விதிமுறையில் வரும். போன வருடத் தாளை நம்பி ஆயத்தம் செய்யாதீர்கள். பாட்டு நாலு நிமிடத்தைத் தாண்டினால் எப்படியும் வெட்ட வேண்டியிருக்கும் என்று எண்ணி, மூன்றரை நிமிடத்துக்குள் அடங்கும் பாட்டையே தேடுங்கள்.

நல்ல ஆயத்தத்துக்குப் பதினாறு கிழமை வேண்டும். முதல் ஆறு கிழமை மொழிக்கு, அடுத்த ஆறு பாட்டுக்கு, மீதி நாலு மேடைக்கும் பதிவுக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மெட்டை முதலில் பிடித்துவிட்டுச் சொல்லைப் பிறகு பொருத்துகிறார்கள். மெட்டோடு சேர்ந்து பழகிய பிழையான உச்சரிப்பு பிறகு எளிதில் கழலாது. அதனால்தான் ஆறு கிழமை மெட்டைத் தொட வேண்டாம் என்கிறோம்.

எந்த மொழிப் பாட்டு

ஸ்லாவ் மொழிகளில் ரஷ்யன், பெலாரஸ், உக்ரேன் மொழிகள் கிழக்குக் கிளை. போலந்து, செக், சிலோவாக் மொழிகள் மேற்குக் கிளை. பல்கேரியன், மசிடோனியன், சேர்பியன், குரோஷியன், சிலொவேனியன் தெற்குக் கிளை.

தமிழ் வாய்க்கு மிக இலகுவானவை சேர்பியனும் மசிடோனியனும். இரண்டிலும் உயிரொலிகள் ஐந்துதான்: அ, எ, இ, ஒ, உ. எழுதியபடியே வாசிக்கலாம். ரஷ்யனில் இருக்கும் வன்மை மென்மைச் சிக்கல் (கீழே விளக்கியிருக்கிறோம்) பெரும்பாலும் இல்லை. முதல் தடவை போகிறவருக்கு இதையே பரிந்துரைப்போம். ரஷ்யனிலோ பெலாரஸ் மொழியிலோ பாடினால் அரங்கில் இருப்பவர்கள் சொல்லுக்குச் சொல் விளங்கிக் கேட்பார்கள். அது பெரிய பலம். அதே காரணத்தால் ஒரு பிழையும் தப்பாது. பெலாரஸ் மொழியில் நன்றாகப் பாடும் வெளிநாட்டவரை அந்த மக்கள் மனதார வரவேற்பார்கள். இரண்டாவது தடவை போகிறவர் அதைத் துணிந்து எடுக்கலாம்.

மொழி சொல்லித்தர ஆள் கிடைக்காது என்று கைவிட வேண்டாம். வீதெப்ஸ்கில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் உண்டு, இலங்கை மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். ரஷ்யாவிலும் பெலாரஸிலும் உக்ரேனிலும் படித்துத் திரும்பிய டொக்டர்மாரும் பொறியியலாளரும் வடக்கில் இருக்கிறார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் விசாரித்தால் ஒருவரையாவது பிடிக்கலாம். அவரிடம் இலக்கணம் கேட்க வேண்டாம். பாட்டின் வரிகளை மெதுவாக ஒரு தடவை, சாதாரண வேகத்தில் ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடப் பதிவு ஆறு கிழமைக்குப் போதும். வீதெப்ஸ்கில் இருக்கும் ஒருவரை அழைப்பதானால், எங்கள் நேரம் அவர்களுடையதிலும் இரண்டரை மணித்தியாலம் முந்தி என்பதை நினைவில் வையுங்கள்.

எழுத்தும் ஒலியும்

ரஷ்ய எழுத்துகள் 33. நாளுக்கு ஐந்து எழுத்து என்று போனால் ஒரு கிழமையில் முடியும். ஆங்கில எழுத்துப் போலவே தோன்றி வேறு ஒலி தருபவைதான் ஏமாற்றும். ஆங்கில எச் போல நிற்பது ந. சீ போல வளைந்தது ஸ. எக்ஸ் போலக் குறுக்கே வெட்டியது ஹ. வை போல வால் உள்ளது உ. இந்த நாலையும் முதல் நாளே படித்துவிடுங்கள்.

பாட்டு வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பழகுவதில் பிழை இல்லை. ஆனால் எங்கள் எழுத்தில் க, ச, த, ப ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிக்கு நிற்கிறது. அங்கே தொண்டை அதிரும் ஒலிக்கும் அதிராத ஒலிக்கும் பொருளே மாறும். இதற்கு வழி எங்கள் மொழிக்குள்ளேயே இருக்கிறது. சங்கு, பந்து, கம்பு ஆகிய சொற்களில் மெல்லினத்துக்குப் பின் வரும் கு, து, பு மூன்றும் முழுமையாக அதிரும் ஒலிகள். ‘கம்பு’ என்று சொல்லத் தொடங்கி, ‘ம்’மில் நிறுத்தி, உதட்டைத் திறக்கும்போது வரும் ப-தான் அவர்களுடைய அதிரும் ப. கொப்பியில் அதிரும் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். ‘அதிரும் த’ எழுத்தின் கீழ்க் கோடு ‘பந்தின் த’ என்று வாசிக்கப்பட வேண்டும். இங்கே நடக்கும் பிழை, மெல்லினத்தையும் சேர்த்து ‘ம்ப’ என்று தொடங்குவது. மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லிப் பாருங்கள். ஒலி அடைபட்டால் மெல்லினம் இன்னும் ஒட்டியிருக்கிறது.

இன்னொன்று கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. ஆங்கிலம் படித்த பழக்கத்தால் வெளிநாட்டுச் சொல் என்றவுடன் எங்கள் நாக்கு ‘ட’வுக்குப் போய்விடும். ஸ்லாவ் மொழிகளில் நாக்கு பல்லைத் தொடும் தகரம்தான் வருகிறது. ‘தண்ணீர்’ என்பதற்கான ரஷ்யச் சொல் ‘வதா’, ‘வடா’ அல்ல. அந்தத் த, பந்தின் த. ‘அது’ என்பதில் வரும் தளர்ந்த த அதற்கு உதவாது.

அந்த ‘அது’ வேறொன்றுக்கு உதவும். அதன் ஈற்றில் உதடு குவியாமல் குறுகி ஒலிக்கும் குற்றியலுகரம், ரஷ்ய மொழியின் மிகக் கடினமான உயிரொலிக்கு நெருங்கிய உறவு. ஐரோப்பியப் பாடகர்கள் பலர் மாதக்கணக்காக மல்லுக்கட்டும் ஒலி அது. ‘நீ’, ‘நாங்கள்’ என்ற பொருளுள்ள சொற்கள் ஒவ்வொரு காதற் பாட்டிலும் வரும். இரண்டும் இந்த ஒலியில்தான் முடியும். நாக்கைச் சற்று முன்னே கொண்டுவந்தால் சரியாக விழும். இதை இகரமாகப் பாடினால் ‘இருக்க’ என்ற சொல் ‘அடிக்க’ என்று மாறிவிடும்.

வன்மை மென்மை வேறுபாடு அடுத்தது. ஒரு மெய்யெழுத்தை நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி உயர்ந்தபடி சொன்னால் மென்மை. ந-வின் மென்மைக்கு எங்கள் ஞ இருக்கிறது. எங்கள் ல இயல்பாகவே மென்மைப் பக்கம் சாய்ந்தது. கடின ல-வுக்கு நாக்கின் அடிப்பகுதி தொண்டைப் பக்கம் உயர வேண்டும். அதற்கு ள-வைப் போடுகிறவர்கள் உண்டு. ள-வில் நாக்கு மடங்குகிறது, அது பிழை. த-வில்தான் பெரிய ஆபத்து. ‘தாய்’ என்ற சொல்லும் ‘தூஷண வார்த்தை’ என்ற சொல்லும் ரஷ்யனில் கடைசி மெய்யின் மென்மையால் மட்டுமே வேறுபடும். தாயைப் பற்றிப் பாடும் பாட்டு எடுப்பவர் அந்த ஒரு சொல்லை இருநூறு தடவை சொல்லிப் பார்ப்பது தகும்.

ஷ-வின் அதிரும் வடிவம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கள் ழ-வுக்குப் போடும் அதே இரட்டை எழுத்தை அதற்கும் போடுவார்கள். அதைப் பார்த்து ழ என்று வாசித்துவிடாதீர்கள். நாக்கை ஷ-வுக்கு வைத்து, தொண்டையை அதிரவிடுங்கள்.

பெலாரஸ் மொழி எடுப்பவருக்கு ஒரு வசதி. அங்கே எழுதப்படும் க-வின் அதிரொலி, எங்கள் ‘அகம்’, ‘மகன்’ என்பவற்றில் உரசிக்கொண்டு வரும் ககரத்துக்குக் கிட்ட நிற்கும். அழுத்தமில்லாத ஒகரத்தை அகரமாகவே எழுதுவார்கள், ஆகவே வாசிப்பது எளிது. ஆனால் அவர்களுடைய ச்ச கடினமானது, ‘பச்சை’யின் ச்ச அதற்குப் பொருந்தாது.

கடைசி மெய்யை விட்டுவிட வேண்டாம். நாங்கள் மெய்யில் முடியும் வேற்றுமொழிச் சொல்லுக்கு உகரம் சேர்ப்போம்: பஸ் ‘பஸ்ஸு’ ஆகும். ‘நண்பன்’ என்ற சொல்லான ‘த்ருக்’ எங்கள் வாயில் ‘துருக்கு’ ஆனால் ஓரசை மூவசை ஆகிவிடும், தாளமும் ஓடிப்போகும். ரஷ்யனில் சொல்லின் ஈற்றில் வரும் அதிரொலி அதிர்வை இழக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘அன்பு’ என்ற சொல் எழுத்தில் வ-வில் முடிகிறது, பாடும்போது ‘ல்யுபோஃப்’. உக்ரேனியனிலும் சேர்பியனிலும் இந்த இழப்பு இல்லை. அங்கே அதிரவே விடுங்கள்.

மெய்க்கூட்டம் வரும் இடத்தில் முந்திய சொல்லின் உயிரில் நின்று, மெய்கள் அனைத்தையும் அடுத்த தட்டுக்குச் சற்று முன்னே விரைவாகக் கொட்டுங்கள். உயிர் தட்டில் விழ வேண்டும். மெய்யைத் தட்டில் போட்டால் பாட்டு முழுக்கப் பின்தங்கிக்கொண்டே இருக்கும்.

அழுத்தம்: நெடிலும் குறிலும்

ரஷ்யச் சொல் ஒவ்வொன்றிலும் ஓரசைக்கு அழுத்தம். அது எங்கே விழும் என்று விதி சொல்ல முடியாது, சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டும். முதலசையில் அழுத்தினால் ‘கோட்டை’, இரண்டாவதில் அழுத்தினால் ‘பூட்டு’ என்று பொருள் தரும் சொல்கூட உண்டு. தமிழில் எழுதும்போது அழுத்தமுள்ள அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதுங்கள். அழுத்தமில்லாத ஒகரம் அகரமாகும், எகரம் இகரம் பக்கம் சாயும். ‘பால்’ மலகோ, ‘ஆறு’ ரிகா, ‘வசந்தம்’ விஸ்னா. இப்படி எழுதிய தாளைப் பார்த்து வாசித்தால் பாதி உச்சரிப்பு தானாகவே சரியாகிவிடும்.

போலந்து மொழியில் அழுத்தம் கடைசிக்கு முந்திய அசையில். மசிடோனியனில் கடைசியிலிருந்து மூன்றாவது. செக்கிலும் சிலோவாக்கிலும் முதலசையில், நெடில் குறில் அங்கே தனிக் கணக்கு. எங்களுக்குப் பழகிய முறை அது.

சுதியும் இராகமும்

அங்கே பாட்டின் சுதியை எழுத்துப் பெயரால் சொல்வார்கள். எங்கள் ஒரு கட்டை அவர்களுடைய சீ. இரண்டு கட்டை டீ, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜீ, ஆறு ஏ, ஏழு பீ. ‘ஏ மைனர்’ என்றால் ஆறு கட்டையில் ஷட்ஜம்.

இயல்பான மைனர் எங்கள் நடபைரவி. ஹார்மோனிக் மைனர் கீரவாணி. மேஜர் தீரசங்கராபரணம். உக்ரேன் பக்கப் பாட்டுகளில் நாலாவது ஸ்வரம் உயர்ந்த மைனர் ஒன்று வரும். அது ஹேமவதியின் ஸ்வரங்கள். இப்படிப் பெயர் வைத்துக்கொண்டால் மெட்டு ஒரே நாளில் மனதில் நிற்கும். சரணம் மைனரிலும் பல்லவி மேஜரிலும் போவது வழக்கம். நடபைரவியின் காந்தாரத்தை ஷட்ஜமாக வைத்தால் சங்கராபரணம் வரும் என்ற கிரகபேதக் கணக்கே அதற்கும்.

ஸ்வரம் ஒன்றாக இருந்தாலும் நடை ஒன்றல்ல. கர்நாடக சங்கீதம் படித்தவரிடம் போட்டியில் கூடுதலாகப் புள்ளி குறைவது கமகத்தால்தான். கீரவாணி என்று மனதில் வந்தவுடன் காந்தாரமும் நிஷாதமும் அசையத் தொடங்கும். பின்னால் இசைக்குழு அதே காந்தாரத்தை அசையாமல் கோர்டில், அதாவது பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் கூட்டில், பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் உரசும், கேட்பவருக்குச் சுதி விலகியது போலப் படும். ஆகவே நீண்ட ஸ்வரம் ஒவ்வொன்றையும் கீபோர்டில் ஒரு கோர்டைப் பிடித்தபடி எட்டு எண்ணிக்கைக்கு நேராக நிறுத்திப் பழகுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம், மூன்று கிழமை. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் சின்ன ஜாருவும் ஸ்வரத்துக்கு முன் தொட்டு வரும் சிறு அணுஸ்வரமும் இருக்கலாம், அவர்களுடைய நாட்டுப்பாட்டிலும் அவை உண்டு. ஸ்வரத்தை நடுக்கும் கம்பிதத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

தம்புரா இல்லாத குறை முதலில் பெரிதாகத் தெரியும். பாட்டு ஷட்ஜத்தில் தொடங்காமல் பஞ்சமத்திலோ காந்தாரத்திலோ தொடங்கும். யாராவது ஒரு கோர்டை அடிக்க, அதற்குள்ளிருந்து ச, க, ப மூன்றையும் கேட்ட மாத்திரத்தில் எடுக்கப் பழகுங்கள். மன்னார், வவுனியாப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களின் பாடகர் குழுக்களில் ஓர்கன் வாசிப்பவர்கள் இதற்கு மிக நல்ல துணை. குரல் பிரித்துப் பாடுவது அவர்களுக்கு நாளாந்த வேலை.

சுதி தெரிவுசெய்யும்போது பாட்டின் உச்ச ஸ்வரம் உங்கள் மேல் எல்லையிலிருந்து, கறுப்புக் கட்டையும் சேர்த்து எண்ணி, மூன்று கீ கீழே இருக்க வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. மேடைப் பாட்டுகள் பல கடைசிப் பல்லவியில் அரைச் சுதியோ முழுச் சுதியோ மேலே தாவும். ஷட்ஜமே இடம் மாறும். தாவிய பிறகு வரும் உச்சத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். முதற் பல்லவியை வைத்துச் சுதி தீர்மானித்தவர் கடைசி முப்பது வினாடியில் குரல் உடைவார்.

தாளம்

தெற்கு ஸ்லாவ் பாட்டு எடுத்தவர் இங்கே மகிழலாம். மசிடோனியாவின் ‘லெஸ்னோதோ’ நடை 3+2+2. தகிட தகதிமி என்று மிஸ்ரசாப்புப் போட்டவருக்கு அது சொந்த வீடு. பல்கேரியாவின் ‘றச்செனித்ஸா’ அதே ஏழுதான், ஆனால் 2+2+3, தகதிமி தகிட என்று திருப்பிப் போடுங்கள். ‘பைதுஷ்கோ’ 2+3, எங்கள் கண்டசாப்பு. ஒரே கவனம்: அவர்கள் பாடும்போது தாளம் சற்றே சாயும், மிருதங்கக் கணக்குப் போல இறுக்கமாக வெட்டாது. மூலப் பதிவைக் கேட்டபடி கைதட்டி அந்தச் சாய்வைப் பிடியுங்கள்.

போலந்தின் மசூர்க்காவில் மூன்று தட்டில் அழுத்தம் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும். சமத்தில் அடித்துப் பழகிய கைக்கு அது சில நாள் எடுக்கும். ரஷ்யப் பாட்டுகளில் பெரும்பாலும் நாலு அல்லது வால்ஸின் மூன்று, அதில் சொல்ல அதிகம் இல்லை.

திறந்த குரல்

கிழக்கு ஐரோப்பாவின் கிராமியப் பாட்டில் ‘வெள்ளைக் குரல்’ என்று சொல்லப்படும் ஒரு பாடும் முறை உண்டு. வயல் வெளியில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கேட்கும்படி, நெஞ்சுக் குரலில், வாயை அகலத் திறந்து, அசைவில்லாமல் நேராக வீசுவது. பெலாரஸின் வசந்த அழைப்புப் பாடல்கள் அப்படிப்பட்டவை. ஸ்வரப் பரப்புச் சிறியது, வரியின் முடிவில் ‘ஹூ’ என்று ஒரு கூவல். இங்கே அருவி வெட்டுப் பாட்டுப் பாடியவர்களுக்கும், முல்லைமோடியில் கோவலன் கூத்து ஆடியவர்களுக்கும் இந்தக் குரல் புதிதல்ல. மைக் இல்லாமல் மத்தளத்துக்கு மேலாக விடிய விடியப் பாடும் அண்ணாவியாரிடம் ஒரு மாதம் இருந்து பழகினால், மேற்கத்தைய குரற்பயிற்சி வகுப்பில் கிடைக்காத ஒன்று கிடைக்கும். அந்தக் குரலை மெருகூட்டுகிறோம் என்று சினிமாப் பாட்டின் காற்றுக் குரலாக்கிவிடாதீர்கள். அதுவே உங்களை மற்றப் போட்டியாளரிடமிருந்து பிரித்துக் காட்டும்.

இந்தக் குரலின் வலு வயிற்றிலிருந்து வர வேண்டும். தொண்டையில் பிடித்தால் பத்து நிமிடத்தில் எரியும். எரிந்தால் அன்று நிறுத்துங்கள். யூன், யூலையில் சோளகக் காற்று புழுதியை அள்ளும் நாட்களில் வெளியில் பயிற்சி வேண்டாம். விடியற்காலை ஐந்து மணிக்கும் ஆறரைக்கும் இடையில் பாடுங்கள், பாடுமுன் இளஞ்சூட்டுத் தண்ணீர் குடித்து, வாயை மூடி ஐந்து நிமிடம் முனகுங்கள்.

பதிவு அனுப்புதல்

முதல் தெரிவு பெரும்பாலும் பதிவைக் கேட்டே நடக்கும். வெட்டி ஒட்டாத, ஒரே மூச்சில் எடுத்த வீடியோ அனுப்புங்கள். குரலைச் சுதிக்கு இழுக்கும் மென்பொருள் போட்டால் நீண்ட ஸ்வரங்களில் கம்பி இழுத்தது போல ஒலிக்கும். காது பழகிய நடுவர் முதல் வரியிலேயே கண்டுபிடிப்பார்.

தகரக் கூரை வீட்டில் பதியாதீர்கள், வெயில் ஏற ஏறத் தகரம் டிக் டிக்கென்று சத்தம் போடும். ஓட்டு வீட்டு அறை ஒன்றில் இரண்டு பஞ்சு மெத்தையைப் பாடுபவருக்கு முன்னும் பக்கத்திலும் நிறுத்தி, நிலத்தில் பாய் விரித்தால் எதிரொலி அடங்கும். ஃபானை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜின் வயரைக் கழற்றுங்கள். கைபேசியை விமான முறையில் போட்டு, வாயிலிருந்து 40 சென்ரிமீற்றர் தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கமாக வையுங்கள். பின்னணி இசையை இன்னொரு கைபேசியில் வயர் உள்ள இயர்ஃபோனில் கேளுங்கள். புளூடூத்தில் இசை தாமதித்தே காதுக்கு வரும், பாடியது முழுக்கப் பின்னால் விழுந்திருக்கும், பதிந்து முடித்த பிறகுதான் தெரியும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நாட்களில் முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒலிபெருக்கி கேட்காத இடம் கிடைக்காது. பதிவை அதற்கு முன்னரே முடித்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் வரும் சில ரஷ்யச் சொற்கள்: பலஷேனியெ என்றால் விதிமுறை. ஸயாஃப்க, விண்ணப்பம். மீனுஸ் என்பது பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை, ப்ல்யூஸ் குரலோடு சேர்ந்தது. மீனுஸ் கேட்ட இடத்தில் ப்ல்யூஸை அனுப்பிவிட்டால் மேடையில் உங்களுக்கு மேலாக உங்கள் குரலே பாடும். பர்த்தித்தூர என்பது இசைக்குழு முழுவதற்குமான ஸ்வரத்தாள், க்லவீர் பியானோவுக்கும் குரலுக்கும் மட்டும். ரிபிதீத்ஸிய, ஒத்திகை. ஷிரிப்யோஃப்க, யார் எத்தனையாவதாகப் பாடுவது என்ற சீட்டிழுப்பு.

சரிகமக் குறிப்பு அங்கே யாருக்கும் விளங்காது. ஐந்துகோட்டு முறையில் எழுதக்கூடிய ஒருவரைக் குறைந்தது எட்டுக் கிழமைக்கு முன் ஒழுங்குசெய்யுங்கள். தாளின் தலையில் பாட்டின் பெயர், சுதி, நிமிடத்துக்கு எத்தனை தட்டு, எத்தனை நிமிடம் எத்தனை வினாடி என்பவை இருக்க வேண்டும். அந்தத் தட்டு எண்ணிக்கையை மெட்ரோனோமில் வைத்துப் பாடிப் பார்த்தபின் எழுதுங்கள். மனதால் சொல்லும் எண்ணிக்கை எப்போதும் வேகமாகவே இருக்கும்.

பெயர்ப் பகுதியில் மூன்று கட்டம் இருக்கும்: ஃபமீலிய, குடும்பப் பெயர், ஈம்ய, சொந்தப் பெயர், ஓத்செஸ்த்வ, தகப்பன் பெயரிலிருந்து வருவது. எங்கள் முதலெழுத்து வழக்கத்துக்கு மூன்றாவது கட்டம் பொருத்தமாகத் தோன்றும். ஆனாலும் கடவுச்சீட்டில் எந்தப் பெயர் எந்த இடத்தில் இருக்கிறதோ அதே ஒழுங்கில் எழுதுங்கள், மூன்றாவதை வெறுமையாக விடலாம். விண்ணப்பத்தில் ஒரு மாதிரியும் கடவுச்சீட்டில் வேறு மாதிரியும் இருந்தால் அழைப்புக் கடிதமும் விசாவும் இழுபடும். கடவுச்சீட்டு இல்லாதவர் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது.

ஊரில் ஒரு மாதிரிப் போட்டி

புறப்படுவதற்கு மூன்று கிழமைக்கு முன் பாடசாலை மண்டபம் ஒன்றில் முழுப் பாட்டையும் நூறு பேருக்கு முன்னால் பாடுங்கள். நடுவர் மூவர் போதும்: சங்கீத ஆசிரியர் ஒருவர் சுதிக்கு, ரஷ்யன் தெரிந்த ஒருவர் உச்சரிப்புக்கு, கூத்தோ நாடகமோ தெரிந்த ஒருவர் மேடை நடப்புக்கு. சவுண்ட் சேர்விஸ்காரரிடம் எக்கோவை முழுக்க நிறுத்தச் சொல்லுங்கள். கோயில் மேடைகளில் எக்கோவோடு பாடிப் பழகிய காது, அது இல்லாதபோது குரல் மெலிந்ததாக நினைத்துக் கத்தத் தொடங்கும். அந்தப் பழக்கம் இங்கேயே விடுபட வேண்டும். மைக் கீழ் ஸ்வரங்களில் வாய்க்கு நாலு விரல் தூரம், வெள்ளைக் குரலில் வீசும்போது ஒரு சாண்.

இரண்டு விபத்துகளை வேண்டுமென்றே ஒத்திகை பாருங்கள். ஒன்று, முன்னிசை ஒலிக்கும்போது யாரையாவது பேச்சுக் கொடுக்கச் செய்து, சரியான இடத்தில் எடுக்கிறீர்களா என்று பார்ப்பது. மற்றது, நடுவில் ஒரு வரி மறந்துவிட்டதாக வைத்து, அடுத்த வரியில் போய்ச் சேருவது. மறந்த இடத்தில் ‘லலலா’ பாடுவதை விட, முதற் சரணத்தின் அதே வரியைத் திரும்பப் பாடுவது நல்லது.

அங்கே போன பிறகு

யூலையில் அங்கே இராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆனால் குளிர் இறங்கும், 13, 14 பாகை செல்சியஸ் சாதாரணம். கிளிநொச்சியில் யூலை இரவில் வியர்த்துக்கொண்டு பாடிய தொண்டைக்கு அது பெரிய மாற்றம். போட்டி மேடையான கோடை அரங்கு நாலு சுவருக்குள் அடைபட்ட மண்டபம் அல்ல. மேடைக்குப் பின்னால் காத்திருக்கும்போது கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துணி கட்டி, கடைசி நிமிடத்தில் கழற்றுங்கள். சேலையோ வேட்டியோ உங்கள் உடையிலேயே பாடலாம், அவர்களுடைய பூவேலை தைத்த சட்டையை வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை. சேலைக்குள் மெல்லிய கம்பளிச் சட்டை போட்டால் வெளியே தெரியாது, நெஞ்சு சூடாக இருக்கும்.

இசைக்குழுவோடு கிடைக்கும் ஒத்திகை குறுகியது. முழுப் பாட்டையும் திரும்பத் திரும்பப் பாட நேரம் கிடையாது. தொடக்கம், சுதி தாவும் இடம், முடிவு, இந்த மூன்றையும் முதலில் கேட்டு வாங்குங்கள். நடத்துநரின் கையைப் பாருங்கள். ஸ்வரம் நீளும் இடத்தில் அவர் உங்களுக்காக நிற்பாரா, நீங்கள் அவருக்காக நிற்க வேண்டுமா என்பதை அங்கேயே சைகையால் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். வேகம் பிடிக்கவில்லை என்றால் ‘மேத்லெனி’ என்று சொன்னால் மெதுவாக்குவார், ‘பிஸ்த்ரேயி’ என்றால் விரைவாக்குவார். அந்த ‘பி’ கம்பின் ப-வில் தொடங்கி, இகரத்துக்குப் பதிலாக ‘அது’வின் ஈற்றொலியில் நிற்க வேண்டும்.